தாயார் ஊர் யாருக்குத் தெரியாது? காரைக்குடி வங்கியில் ஒரு காலை

செட்டிநாட்டில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் கேட்பது எந்த ஊர், எந்தக் கோவில், யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான். அடுத்த கேள்வி, ஆயா வீடு, அதாவது தாயார் பிறந்த வீடு எங்கே? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் யாரும் ஒரு வாய் காபி குடித்துவிட முடியாது. இப்படி ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு விவரத்தைத்தான் வங்கி என் பணத்துக்குப் பூட்டாகப் போட்டு வைத்திருக்கிறது. இந்தத் தடவை ஊருக்குப் போய் வந்ததில் எனக்கு ஆறாத விஷயம் இது. வீட்டில் முன்னோருக்குப் படைப்பு நல்லபடியாக நடந்தது, பிள்ளையார்பட்டியில் தரிசனம் நிம்மதியாகக் கிடைத்தது. அதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான், வங்கிக்கு வருகிறேன்.

என் கணக்கு என்ஆர்ஓ கணக்கு, அதாவது சிங்கப்பூரில் இருக்கும் என்னைப் போன்ற வெளிநாட்டுவாசிகள் இங்கே ரூபாயில் வைத்துக்கொள்வது. அப்பச்சி (அப்பா) இருந்தபோது அவர்களே படிவம் நிரப்பித் திறந்து கொடுத்தது. கோவில் வரி, வீட்டுக்குக் கரண்டு பில், வாசல் பெருக்கும் அம்மாவுக்குச் சம்பளம், எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. அதில் பதிந்திருந்த இந்திய கைபேசி எண் செத்துப்போய்விட்டது. 90 நாள் உபயோகிக்காமல், பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் எண்ணை எடுத்துவிடுவார்கள் என்பது வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். எண் போனால் ஓடிபி போச்சு, ஓடிபி போனால் கணக்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம். 2023 முதல் சிங்கப்பூர் எண்ணையே என்ஆர்ஓ கணக்கில் பதிந்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று ஆகியிருக்கிறது. செக்காலை ரோட்டில் பூ விற்கும் அம்மாகூட க்யூஆர் அட்டை வைத்திருக்கும்போது நான் மட்டும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறைக்கு நிற்கிறேன். அதனால் எண்ணை மாற்றிவிடலாம் என்று காலையிலேயே கிளைக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு தம்பி. மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பழைய நம்பருக்கு ஓடிபி வரும் சார், அதைச் சொல்லுங்க."

"அந்த நம்பர் இல்லாமப் போனதாலதான் தம்பி வந்திருக்கேன்."

"அப்ப கஸ்டமர் கேர்ல வெரிஃபை பண்ணணும் சார்."

மேசைமேல் இருந்த போனில் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். எங்கேயோ இருந்து ஒரு பெண் குரல் வந்தது. பிறந்த தேதி கேட்டது, சொன்னேன். வீட்டு முகவரி கேட்டது, சொன்னேன். எனக்குப் பின்னால் டோக்கனோடு ஒரு கூட்டம். பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்த ஆச்சி ஒருவர், டெபாசிட் ரசீதைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். மின்விசிறிச் சத்தத்தை மீற வேண்டும் என்று நானும் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, "உங்க தாயாரோட திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் சொல்லுங்க சார்" என்றது குரல்.

எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? விலாசம் உண்டு, அதாவது வீட்டின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். ஆயா வீட்டு விலாசத்தைச் சொன்னேன். பொருந்தவில்லை. ஐயா, அதாவது தாத்தா பெயரைச் சொன்னேன், அதுவும் இல்லை. அந்தக் கட்டத்தில் அப்பச்சி என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் இருந்த ஆச்சி குரல் கொடுத்தார்கள்.

"ஊர்ப் பேரைச் சொல்லிப் பாருப்பா. பள்ளத்தூர்தானே உங்க ஆத்தாளுக்கு?"

அந்த ஆச்சியை எனக்குச் சரியாக அடையாளம்கூடத் தெரியவில்லை. கவுண்டர் தம்பி உடனே போனில் குனிந்து, "பள்ளத்தூர்னு போட்டுப் பாருங்க மேடம்" என்றார். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். "சரியா இருக்கு சார், நன்றி."

நான் வாயே திறக்கவில்லை. என் கணக்கின் பாதுகாப்புக் கேள்விக்கு, வரிசையில் நின்ற ஒருவர் பதில் சொல்லி, வங்கி ஊழியர் அதை எடுத்துக்கொடுத்து, வங்கியும் ஏற்றுக்கொண்டது. ஆச்சிமேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. திகைத்து நிற்கும் பிள்ளைக்கு உதவியது அவர்கள் நல்ல மனசு. இதை ஒரு பாதுகாப்பு என்று எழுதி வைத்த ஏற்பாட்டைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த கேள்விதான் என்னைக் கொதிக்க வைத்தது. "கணக்குல கடைசியா வரவான தொகை எவ்வளவு சார்?" ஸ்பீக்கர் அப்படியேதான் இருக்கிறது. கூடம் முழுக்க அமைதி, எல்லோர் பார்வையும் என் முதுகில். "இதை இங்கே சொல்ல மாட்டேன், ரிசீவரைக் கொடுங்க" என்றேன். ரிசீவர் பழுது, ஸ்பீக்கரில்தான் பேச முடியும் என்றார் தம்பி. "பதில் சொல்லலைன்னா லாக் ஆயிடும் சார்" என்றது குரல். லாக் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆகிவிட்டது.

தாயார் ஊரை வெளியே சொல்ல எங்கள் ஊரில் யாரும் கூச்சப்படுவதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது நகரக் கோவில்கள். ஒரே கோவில் என்றால் பெரும்பாலும் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க முடியாது. அதனால் கோவிலும் ஊரும் விலாசமும் கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகும், ஊர்க் கோவில் புள்ளிக் கணக்கில் (கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி) ஏறும். ஆனால் பணம் அப்படி இல்லை. எங்கள் வீட்டு வளவைப் பாருங்கள். முற்றம் பொது, தாழ்வாரம் பொது, விசேஷம் என்றால் எல்லாப் பங்காளியும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சுற்றி இருக்கும் அறைகள் மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி. அந்தந்த அறைச் சாவி அந்தந்த ஆச்சி இடுப்பில். அப்பத்தா அறைக்குள் என்ன இருந்தது என்பது அடுத்த அறைச் சித்திக்குக் கடைசிவரை தெரியாது, கேட்டதும் இல்லை. எதைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டுவது என்று அவர்களுக்கு அவ்வளவு தெளிவு இருந்தது. வங்கி இதைத் தலைகீழாக ஆக்கிவிட்டது.

இந்த ஊருக்கா இது நடக்க வேண்டும் என்ற ஆதங்கமும் உண்டு. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது ஒரே நாளில் சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் கிளை திறந்தார்கள். (என் கணக்கு இருப்பது அந்த வங்கியில் இல்லை.) சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் லேவாதேவி நடத்திய கட்டடங்களில், ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டியடி என்ற பணப்பெட்டி இருக்கைகள் போட்டு, பல மார்க்கா (நிறுவனங்களின்) தொழில் நடந்திருக்கிறது. என் ஐயாவும் அங்கே அடுத்தாளாக (முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளராக) இருந்தவர்கள். பக்கத்துப் பெட்டியடியின் பேரேட்டை எட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய கேவலம் என்று அவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

சரி, பாதுகாப்புக் கேள்வி என்பதே உலகத்தில் தோற்றுப்போன ஏற்பாடு. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தது இப்படித்தான். கணவரை எங்கே சந்தித்தார் என்பது மாதிரியான கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் எடுத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். 2015-இல் கூகுள் தன் சொந்தப் பயனர்களின் பதில்களையே ஆராய்ந்து பார்த்தது. கொரிய மொழிப் பயனர்களின் பிறந்த ஊரைப் பத்து யூகத்துக்குள் 39 சதவீதம் பேருக்குச் சரியாகச் சொல்லிவிட முடிந்ததாம். ஒரு நாட்டுக்கே அந்தக் கதி என்றால், நகரத்தார் ஊர்கள் நூறுகூட இல்லாத எங்கள் பக்கம் எப்படி இருக்கும்? அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டுக் கடவுச்சொல் அமைக்க வைக்கக்கூடாது என்றே சொல்லிவிட்டது. இன்னும் இங்கே படிவத்தில் தாயார் பெயர், போனில் தாயார் பெயர்.

கணக்கு லாக் ஆனதும் பாஸ்போர்ட், பான், சிங்கப்பூர் அட்டை எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கேட்டார்கள். ஆதாரும் வேண்டும் என்றார் தம்பி. என்ஆர்ஐக்கு ஆதார் கட்டாயம் இல்லை என்று நான் சொன்னபோது, சிஸ்டத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நகராது என்றார். எதிரே இருந்த கடைக்குப் போனேன். "வாட்ஸ்அப்ல போட்டு விடுங்கண்ணே, பிரிண்ட் தர்றேன்" என்றார் கடைக்காரத் தம்பி. வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்த கணினித் திரையைப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஆதார் அட்டைகள், சின்னச் சின்ன முகங்கள், ஒரு குடும்ப அட்டை, யாரோ ஒரு பெண்ணின் பாஸ்புக் முதல் பக்கம். படத்தைச் சொடுக்கினால் எண்ணும் முகவரியும் பெரிதாகத் தெரியும். தாளிலேயே நகல் எடுக்கச் சொன்னேன். இதையெல்லாம் அழிக்கக்கூடாதா தம்பி என்று கேட்டதற்கு, "யாருண்ணே அதைப் பாக்கப் போறா?" என்றார். உண்மையாகவே கேட்டார். நான்தான் அந்த நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறைப்பு ஆதார் என்ற வசதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஊரில் நான் கேட்ட யாருக்கும் அது தெரியவில்லை.

சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் ஒழிய எந்தக் கடையும் கம்பெனியும் என் அடையாள அட்டை எண்ணை வாங்கி வைக்கக்கூடாது, நகலும் எடுக்கக்கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு அட்டை எண் எழுதிக் கொடுத்த காலம் எல்லாம் அங்கே முடிந்துவிட்டது. வங்கிகள் 2024-இலேயே, டிஜிட்டல் டோக்கன் (வங்கிச் செயலியிலேயே உறுதி செய்யும் வசதி) வைத்திருப்பவர்கள் கணக்குக்குள் நுழைய எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம் என்று அதை விட ஆரம்பித்தன. அங்கேயும் சறுக்கல் உண்டு. அதே 2024 டிசம்பரில் கம்பெனிப் பதிவுத் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு அடையாள எண்ணும் வந்து நின்று, பெரிய கூச்சலாகி, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதில் பிடித்தது அந்தக் கூச்சல். தன் எண் வெளியே தெரிந்தது என்று டாக்ஸி ஓட்டுகிறவர்வரை கோபப்பட்டார்கள். நம் ஊரில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி தீர்ப்பே சொல்லியிருக்கிறார்கள், 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் வங்கிக் கூடத்தில் நான் ஒரு தொகையை உரக்கச் சொல்ல மறுத்தபோது, பின்னால் நின்ற பெரியவர், "வெளிநாட்டுல இருந்து வந்தா இப்படித்தான்" என்றார். அது வலித்தது. பணத்தை வெளியே சொல்லாமல் இருப்பது நான் சிங்கப்பூரில் கற்றுக்கொண்டதில்லையே. அப்பத்தாவிடம் கற்றது.

நகல்களை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனபோது துணை மேலாளர் வந்திருந்தார். சின்ன வயசு, புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் என்று பேச்சில் தெரிந்தது. நடந்ததைக் கேட்டதும் என்னை உள்ளே அழைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அப்பச்சி காலத்துக் கையெழுத்து அட்டையைத் திரையில் எடுத்து, என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பிட்டார். பழைய கையெழுத்தில் இருந்த சுழிப்பு இப்போது இல்லை என்று கவனித்து, "ஏன் சார் மாறியிருக்கு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அன்று முழுவதும் எனக்கு நிஜமான பாதுகாப்பாகத் தெரிந்தது. இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆதார் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டும் பானும் போதும் என்றார். தொகையைக் கேட்க வேண்டிய இடம் வந்தபோது ஒரு துண்டுக் காகிதத்தை நகர்த்தி எழுதச் சொன்னார், பார்த்ததும் கிழித்துக் கூடையில் போட்டார். காபி ஆறுவதற்குள் சிங்கப்பூர் எண் பதிவாகிவிட்டது.

அவர் சொன்ன ஒன்றை எல்லோருக்கும் சொல்கிறேன். கொடுக்கும் ஒவ்வொரு நகலிலும் குறுக்கே, இன்ன வங்கிக்கு, இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். படத்தின்மேல் வருகிற மாதிரி எழுத வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடலாம். பாதுகாப்புக் கேள்வி வைத்தே ஆக வேண்டிய இடத்தில் உண்மையான பதிலைக் கொடுக்க வேண்டியதில்லை, உங்களுக்கு மட்டும் நினைவிருக்கும் வேறு எதையாவது கொடுங்கள். நம் அப்பாக்கள் படிவம் என்றால் சத்தியம் மாதிரி நினைத்து உள்ளதை உள்ளபடி எழுதி வைத்த தலைமுறை. அவர்கள் திறந்து கொடுத்த கணக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவை கிளைக்குப் போய் அந்தப் பதிலை மாற்றிவிட்டு வாருங்கள்.

என் பதிலை மாற்ற அந்தக் கிளையால் முடியவில்லை. திறக்கும்போது கொடுத்த தாயார் விவரம் நிலையானது, மாற்ற வசதி இல்லை என்று திரையில் வருகிறது. துணை மேலாளரே வருத்தப்பட்டார். அதனால் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கவுண்டரில் ஸ்பீக்கர் வைத்துச் சரிபார்க்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும், அந்தப் பதிலை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஆதார் இல்லாமல் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடிக்கச் சிஸ்டத்தில் அந்தக் கட்டத்தைத் திறந்து விட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே அனுப்பலாம், கட்டணம் கிடையாது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே எழுதுகிறேன்.