பெட்டிக்குள்ளேயே செத்துப்போன சோல்: ஒரு குளிர்கால பூட்ஸுடன் ஆறு வருடம்

நேற்று மாலை பூட்ஸ் ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. மேல்பாகம் அதேதான், கீழே முழுக்கப் புது சோல். வீட்டுக்குள்ளேயே போட்டு நாலு நடை நடந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் பழைய பூட்ஸ் திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தோழி ஒருத்தியிடமிருந்து செய்தி: "நீ போடுவியே அந்தத் தடி சோல் பூட்ஸ், அது இப்போ பாதி விலைக்கு வந்திருக்கு. எடுத்துடட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. அவளுக்கு எழுத உட்கார்ந்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

பூட்ஸைப் பற்றி விவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணுக்கால் வரை உயரம், உள்பக்கம் ஜிப், மெல்லிய கம்பளி லைனிங், கீழே தடித்த நுரை சோல். ஒற்றைக்கு 340 கிராம். குளிரும் ஈரமுமான நாலு மாதங்களுக்கென்றே வாங்கினேன், அந்த மாதங்களில் மட்டுமே போட்டேன்.

அது எவ்வளவு நல்ல பூட்ஸ் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் வேலை நாள் முழுக்க நின்றுகொண்டே செய்வது. அதற்கு முன்னால் ஒவ்வொரு குளிர்காலமும் முனை ஒடுங்கிய பூட்ஸுக்குள் காலைத் திணித்து, சுண்டுவிரல் தோல் உரிந்து, சாயங்காலம் பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண்களுக்கான பூட்ஸ் என்றால் முன்பக்கம் ஒடுங்கித்தான் இருக்கும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், நம் விரல்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. இந்த ஜோடியில் விரல்கள் ஐந்தும் விரிந்து உட்கார இடம் இருந்தது. குதிகால் பக்கம் நாலரை சென்டிமீட்டர், முன்பக்கம் மூன்று. பார்க்க உயரமாகத் தெரியும், ஆனால் பாதம் கிட்டத்தட்டச் சமமாகத்தான் இருக்கும். அந்த நுரையின் மேல் எட்டு மணி நேரம் நின்றால் முழங்கால் வலிக்கவில்லை. தரையின் சில்லிப்பு மேலே ஏறவில்லை. கூரான ஜல்லியை மிதித்தால்கூட ஏதோ இருக்கிறது என்று தெரியுமே தவிர குத்தாது. ஐந்து குளிர்காலம் நான் என் பாதத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒரு காலணிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சொல்லத் தெரியாது.

நானும் அதைப் பொன்னைப் போலத்தான் வைத்துக்கொண்டேன். பருவம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கூடவே வந்த சிலிக்கா பொட்டலத்தையும் போட்டு, அதே அட்டைப்பெட்டியில் வைத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவேன். ஒரு வருடம்கூட இது தவறியதில்லை.

இந்தப் பருவத்தின் முதல் நாள். வீட்டிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இடது குதிகால் திடீரென்று தொளதொளவென்று ஆனது. ஏதோ ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று காலை உதறினேன். திரும்பிப் பார்த்தால் நான் நடந்துவந்த வழி நெடுக கறுப்புத் துணுக்குகள். குனிந்து சோலைத் தொட்டேன், கறையான் அரித்த மரம் போல விரலோடு வந்துவிட்டது. வலது பக்கம் அடுத்த இருபது அடிக்குள் போனது. ஈரத் தரையில் உள்அட்டை உரச, காலுறை நனைய, ஓரமாக நடந்து வீடு திரும்பினேன். அன்றைக்கு வேலைக்குப் போனது வேறு செருப்பில். மனம் முழுக்கக் கோபம்.

கணக்குப் பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. ஐந்து பருவம், பருவத்துக்கு நாலு மாதம். மொத்தம் இருபது மாதம் கால்பட்ட பூட்ஸ். உதிர்ந்த துண்டுகளை எடுத்துவந்து பார்த்தேன். அடியில் இருந்த வரிப்பள்ளங்கள் பாதிகூடத் தேயவில்லை. தேய்ந்து போனால் மனது ஒப்பும். உழைத்தது, போனது. இது சும்மா இருந்தே போயிருக்கிறது.

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாகவே பதில் வந்தது: உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, இது பொருளின் இயல்பான முதுமை. இயல்பான முதுமை என்ற சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அப்புறம்தான் இது என்ன முதுமை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மெத்தென்ற சோல் பாலியூரித்தேன் நுரை. 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த வகைப் பொருள். இலேசானது, அழுந்தினால் திரும்ப எழும்பும், அச்சில் ஊற்றி நேராக மேல்பாகத்தோடு ஒட்டவைக்கலாம். காலணிக்கு இதைவிட வசதியான நுரை கிடைப்பது கஷ்டம். ஆனால் இதில் பெரிதும் பயன்படும் ஒரு வகையில் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் உள்ள ஈரமே அந்தப் பிணைப்புகளை மெல்ல மெல்ல வெட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். வெட்டுப்படும்போது உண்டாகும் அமிலம் அடுத்தடுத்த வெட்டையும் வேகப்படுத்தும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஈரத்துக்கு அசையாத ஈதர் வகை ஒன்றும் இருக்கிறது, ஆனால் உராய்வைத் தாங்குவதில் எஸ்டர் வகைக்கு ஈடாகாது என்பதால் சோலுக்கு எஸ்டர் வகையையே நாடுகிறார்கள்.

இதில் என்னை உறுத்தியது வேறு. நான் செய்த ஒவ்வொரு பராமரிப்பும் அதற்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கிறது. பிளாஸ்டிக் உறை, லைனிங்கில் இருந்த கால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்தது. சிலிக்கா பொட்டலம் ஓரளவு ஈரத்தைக் குடித்ததும் நிரம்பிவிடும், அதற்குப் பிறகு அது வெறும் பொட்டலம். மேல்தட்டில் வெப்பம் அதிகம். அடிக்கடி போட்டு நடந்தால் நுரை அழுந்தி விரிந்து உள்ளே தங்கிய ஈரம் வெளியேறும் என்று மலையேறும் பூட்ஸ் செய்பவர்களே சொல்கிறார்கள். நானோ எட்டு மாதம் அதை அசையவிடவில்லை.

ஆக, பருவத்துக்கு மட்டும் போடுகிற காலணிக்கு, எடுத்துவைத்தால் சாகிற சோலை மாட்டி விற்கிறார்கள். பெட்டியின் மேல் "உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று ஒரு வரி. ஐந்து வருடத்துக்கு மேல் தாங்குவது உறுதியில்லை என்று இன்னொரு வரி எழுத என்ன தயக்கம்?

சரி, நியாயத்தையும் பேச வேண்டும். அந்தக் கம்பெனி மட்டும் செய்யும் காரியம் இல்லை இது. எந்த மென்மையை ஐந்து வருடம் அனுபவித்தேனோ, அதே மென்மையின் இன்னொரு பக்கம்தான் இந்த உதிர்வு. கெட்டியான ரப்பர் போட்டிருந்தால் இன்றும் இருந்திருக்கும், என் முழங்கால் முதல் வருடமே முறையிட்டிருக்கும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் தணியவில்லை.

ரிப்பேர் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருப்பவர்களுக்கு உபயோகப்படும். முதலில் போன இடத்தில் உதிர்ந்த பகுதியின் மேலேயே பசை தடவி ஒரு ரப்பர் தகட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்று நாள்தான். இரண்டாவதாகப் போன பெரியவர் கையில் வாங்கியதுமே சொன்னார்: "பசை மேல தப்பு இல்லம்மா. பசை பிடிச்சிருக்கு, அது பிடிச்ச நுரைதான் செத்துப்போச்சு." மிச்சமிருந்த நுரையை ஒரு துணுக்கு விடாமல் உரசி எடுத்து, உள்அட்டை வரை சுத்தம் செய்து, புதிதாக ஒரு நடு அட்டை வைத்துச் சுற்றிலும் தைத்து, அதன் கீழ் ரப்பர் சோலை ஒட்டினார். அச்சில் ஊற்றிய சோலுக்குத் தையல் விளிம்பு கிடையாது, அதனால் புதிய விளிம்பு உண்டாக்கத்தான் நேரம் பிடித்ததாம். பதினொரு நாள் ஆனது. பொறுமையான, நேர்த்தியான வேலை. அந்தத் தையலை நேற்றிரவு விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒற்றைக்கு 455 கிராம். உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. விரலுக்கு அதே இடம், கணுக்காலுக்கு அதே பிடிப்பு. ஆனால் அடி வைத்தால் தரை தெரிகிறது. சாயங்காலம் முழங்கால் என்ன சொல்லும் என்பது இனிமேல்தான் தெரியும்.

என் அம்மாவின் பழைய செருப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. வட்ட முனை, குறுக்கே ஒரு வார், தட்டையான தோல் அடி, முழுக்கத் தையல். அவர் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மேரி ஜேன் என்ற பெயரில் அதே வடிவத்தை இப்போது எல்லோர் காலிலும் பார்க்கிறேன். எண்ணெய் தடவி, வாரின் கொக்கியை மட்டும் மாற்றிக் காய்ந்த மாதங்களில் நான் போடுகிறேன். "எடுத்து வை, ஃபேஷன் திரும்ப வரும்" என்று பெரியவர்கள் சொன்னது தோலுக்கும் தையலுக்கும் உரிய பேச்சு. அதை நம்பி நுரை சோலை எடுத்துவைத்தால் ஃபேஷன் திரும்பும்போது பெட்டியில் பொடிதான் இருக்கும்.

தடித்த சோல் ஒன்றும் புதிதில்லை. 1930-களில் இத்தாலியில் காலணியின் வளைவைத் தாங்க நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது, காலணி வடிவமைப்பாளர் சால்வதோரே ஃபெர்ரகாமோ கார்க் என்ற மரப்பட்டையைப் பயன்படுத்தத் தொடங்கினார். கார்க் அடுக்குகளுக்கு வானவில் நிறங்களில் தோல் சுற்றி அவர் 1938-இல் செய்த செருப்பு இன்றும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் முழுசாக இருக்கிறது. பாலியூரித்தேன் நுரை வைத்த 1960-களின் பொருட்கள்தான் அருங்காட்சியகங்களில் உதிர்ந்து, பாதுகாப்பவர்களைப் படாதபாடு படுத்துகின்றன. உயரமான, கனமில்லாத சோலை மரப்பட்டையில் செய்ய ஒருவரால் முடிந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாகவும் பெரிய ஆதங்கமாகவும் இருக்கிறது.

இப்போது ஏன் பாதி விலை என்பதற்கு வருகிறேன். 2017-இல் பலென்சியாகா என்ற ஃபேஷன் நிறுவனத்தின் தடித்த சோல் ஸ்னீக்கரான ட்ரிபிள் எஸ் வந்ததிலிருந்து சில வருடங்கள் சோல் தடிக்கத் தடிக்க அழகு என்று இருந்தது. நான் வாங்கியதும் அந்த அலையில்தான். 2022-இல் இன்னொரு ஃபேஷன் நிறுவனமான மியூ மியூவின் சாட்டின் பாலே செருப்பு பேசப்பட்டதிலிருந்து காற்று மாறியது. பாலே தட்டைச் செருப்பு, மேரி ஜேன், மெல்லிய சோல் ஸ்னீக்கர் என்று எல்லாம் தரையை ஒட்டி வந்துவிட்டன. இந்த மாற்றத்தில் எனக்குப் பாதி மனதுதான். மெல்லிய தோல் செருப்பைத் தைத்துத் தைத்துப் போடலாம், அது பிடித்திருக்கிறது. ஆனால் குளிர்ந்த தரையில் எட்டு மணி நேரம் நிற்பவளுக்கு அந்த மெல்லிய சோலின் ஐந்து மில்லிமீட்டர் போதவே போதாது. கண்ணுக்கு அழகாக இருப்பதைக் கால் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

அலை மாறியதால் தடித்த சோல் சரக்கு கிடங்கில் தங்கி, விலை குறைந்து வருகிறது. ஆபத்து இங்கேதான். விற்காமல் மூன்று வருடம் கிடந்த பூட்ஸ் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். சோலுக்கு ஏற்கெனவே மூன்று வயது. அதன் ஆயுள் செய்த நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை.

அதனால் தோழிக்கு எழுதியது இது. சோலின் வளைவுப் பகுதியில் சின்ன வட்டம் இருக்கிறதா பார். சுற்றி 1 முதல் 12 வரை எண், நடுவில் சோல் செய்த வருடம், மாதத்தைக் காட்டும் ஓர் அம்பு. பல அச்சுகளில் அது இருக்கும். இல்லையென்றால் உள்ளே தைத்த துணிச்சீட்டில் செய்த தேதியைத் தேடு. நேரில் பார்க்க முடிந்தால் சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்து. பள்ளம் திரும்ப எழும்பாவிட்டாலோ, நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, கை பிசுபிசுத்தாலோ அங்கேயே வைத்துவிட்டு வா. போடுவதானால் பருவம் பார்க்காதே, வாரம் ஒருமுறையாவது போட்டு நட. பிளாஸ்டிக்கில் சுற்றாதே.

கடைசியில் ஒரு வரி: "என் பேச்சைக் கேட்டால், வாங்காதே."

அனுப்பிவிட்டுப் பழைய பூட்ஸைக் கழற்றி வைத்தேன். பாதம் கனத்தது. போனை எடுத்து அவள் அனுப்பிய அதே பக்கத்தைத் திறந்தேன். என் அளவு இல்லை. இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.