கியர்பாக்ஸ் ரீபில்ட் கிட் வாங்கப் போகிறீர்களா? இரண்டு மாதச் சம்பளத்தைத் தொலைத்தவன் எழுதுகிறேன்

இரண்டு மாதச் சம்பளம். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே நான் கத்துவதைப் படித்துவிட்டு "இதற்குப் போயா இவ்வளவு கோபம்" என்று யாராவது கேட்பீர்கள். ஒரு மாதச் சம்பளம் கிட்டுக்குப் போனது, அதாவது கியர்பாக்ஸைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவதற்கான பாகங்களின் தொகுப்புக்கு. இன்னொன்று, அந்தக் கிட் உள்ளேயிருந்தபடியே நாசமாக்கிய கியர்களுக்கு. வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

வண்டி பழைய பிக்கப் டிரக், ஐந்து கியர் மேனுவல். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கிர்ரென்று கடிக்கும். மூன்றாவதில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வந்துவிடும். நியூட்ரலில் சும்மா நிற்கும்போது ஒரு ஊளைச் சத்தம், கிளட்சை மிதித்தால் அடங்கிவிடும். மிதித்ததும் அடங்குகிற சத்தம் என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்ளே, பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் தண்டு) பேரிங்கில். மிதித்ததும் கிளம்புகிற சத்தம் என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இதெல்லாம் தெரிந்துதான் கியர்பாக்ஸை இறக்கினேன். கையேடு, பிரஸ், புல்லர், சர்க்லிப் பிளையர் எல்லாம் கையில் இருந்தன. "வீட்டில் வைத்துச் செய்தால் இப்படித்தான்" என்று சொல்ல வருகிறவர்களுக்காக இந்த வரி.

திறந்து பார்த்தால் எதிர்பார்த்ததுதான். ஆயிலில் பித்தளைத் தூள் மினுமினுத்தது. சிங்க்ரோ ரிங் என்பது கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்; இரண்டாம் கியரின் ரிங்கை அதன் கூம்பு முகத்தில் வைத்து அழுத்தினால் ரிங்குக்கும் கியர் பற்களுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை, அவ்வளவு தேய்மானம். மூன்றாம் கியரின் சிறு பற்கள் முனை மழுங்கி உருண்டிருந்தன.

கிட் தேடினேன். பல விற்பனையாளர்கள் ஒரே கூரையின்கீழ் விற்கும் ஓர் இணையச் சந்தை. அதில் கியர்பாக்ஸ் பாகங்கள் மட்டுமே விற்கும் ஒரு கடை. முழு கிட் என்று போட்டிருந்தது: பேரிங்குகள், சிங்க்ரோ ரிங்குகள், ஊசி உருளைகள், ஆயில் சீல், கேஸ்கெட், சர்க்லிப், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு). பேரிங் எல்லாம் பேர்பெற்ற தயாரிப்பாளருடையது என்று எழுதி, படத்திலும் அந்தப் பெட்டியையே காட்டியிருந்தார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரர் எனக்குச் செய்தி அனுப்பினார். "சார், அவசரப்பட்டு ஆர்டர் போடாதீங்க. கேஸில் ரிவெட் அடித்த தகடு இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புங்க. இன்புட் ஷாஃப்டில் எத்தனை ஸ்ப்ளைன் என்று எண்ணிச் சொல்லுங்க. இந்த மாடலில் நடுவில் பேரிங் அளவை மாற்றிட்டாங்க, தப்பான கிட் வந்தா உங்களுக்குத்தான் அலைச்சல்." இப்படிக் கேட்கிறவர் மோசடிக்காரராக இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? ஏமாற்றுகிறவன் பணத்தைத்தானே முதலில் கேட்பான். இந்த ஆள் ஸ்ப்ளைனை, அதாவது ஷாஃப்டில் நீளவாட்டில் வெட்டிய பற்களை, எண்ணச் சொல்கிறார். தொழில் தெரிந்தவர் என்று நினைத்தேன். தொழில் தெரிந்தவர்தான். அதுதான் இப்போது கூடுதலாக எரிகிறது.

கிட் வந்தது. வாஸ்லின் தடவி ஊசி உருளைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்துக்கொண்டு வந்தால் ஒன்று குறைந்தது. ஒரு ஊசி இல்லாமல் அந்த இடத்தை மூடவே முடியாது, மற்றவை எல்லாம் சாய்ந்துவிடும். எழுதினேன். உடனே மன்னிப்பு, உடனே அனுப்புகிறேன் என்று பதில். அந்தச் சின்னப் பொட்டலம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது உள்ளே இரண்டு ஊசிகள், கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "ஒன்று கீழே விழுந்து உருண்டால் உதவும்." மனம் குளிர்ந்துபோயிற்று. நண்பர்களிடமெல்லாம் இந்தக் கடையைச் சிபாரிசு செய்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசிக்காகக் காத்திருந்த நேரத்தில்தான், திருப்பி அனுப்புவதற்கான கெடு சத்தமில்லாமல் முடிந்துபோயிருக்கிறது.

சேர்த்தேன். புது ரிங்குகளின் இடைவெளியை அளந்தேன், கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருந்தது. பேரிங்குகளை உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் படும்படி குழாய் வைத்து பிரஸ்ஸில் ஏற்றினேன். வெளிவளையத்தில் அழுத்தினால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும், அதனால் இதில் நான் ரொம்பக் கறார். ஷிம் போட்டு எண்ட் ப்ளே, அதாவது ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசையும் அளவு, சரிபார்த்தேன். கையேட்டில் சொன்ன ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஊற்றினேன். வண்டி வெண்ணெய் மாதிரி கியர் மாறியது. கொஞ்ச காலம்.

அப்புறம் பழைய ஊளை திரும்பி வந்தது. வந்து, ஏறி, ஒரு மேட்டில் பாரத்தோடு இழுக்கும்போது உள்ளே எதையோ அரைக்கிற சத்தமாகி நின்றது. மறுபடியும் இறக்கித் திறந்தால், இன்புட் ஷாஃப்ட் பேரிங்கில் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு ரிவெட் அறுந்து துண்டு துண்டாகக் கிடக்கிறது. குண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி, ஷாஃப்ட் சாய்ந்து, அதன் கியரும், பக்கத்தில் இணையாக ஓடும் கவுண்டர் ஷாஃப்டில் அதோடு எப்போதும் கோத்திருக்கும் கியரும் ஒன்றையொன்று தின்றிருந்தன. கவுண்டர் ஷாஃப்டும் அதன் கியர்களும் ஒரே துண்டு, ஒரு கியர் போனால் மொத்தமும் போயிற்று. இரண்டாவது மாதச் சம்பளம் அங்கே போனது.

உடைந்த பேரிங்கைச் சுத்தம் செய்யத் தின்னர் துணியால் துடைத்தேன். வெளிவளையத்தில் இருந்த தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் துணியோடு வந்துவிட்டன. வெறும் மை. கழற்றி வைத்திருந்த பழைய பேரிங்கை எடுத்துப் பார்த்தேன், அத்தனை வருடம் ஆயிலில் ஓடியும் அதன் எண் உலோகத்தில் பொறித்தபடியே இருக்கிறது. பெட்டியில் பெயர் போட்டிருந்த தயாரிப்பாளருக்கே படங்களை அனுப்பிக் கேட்டேன். இது எங்கள் பொருள் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

இதையெல்லாம் கடைக்காரருக்கு அனுப்பினேன். ஸ்ப்ளைன் எண்ணச் சொன்ன அதே மனிதர். முதல் பதில்: "என்ன ஆயில் ஊத்தினீங்க சார்?" ஜிஎல்-4, இதோ ரசீது. "இல்லை, ஜிஎல்-5 ஊத்தியிருந்தா இப்படி ஆகும்." ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கைக் கெடுக்கும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். எஃகுக் கூண்டின் ரிவெட்டை ஆயில் அறுக்குமா? அதற்குப் பதில் இல்லை, அடுத்த கேள்விதான்: "சுத்தியலால் அடிச்சு ஏத்தினீங்களா?" பிரஸ் படம் அனுப்பினேன். "படத்தில் இருப்பது இதே பேரிங்தான் என்று எப்படி நம்புவது?" என்று எழுதுகிறார்! அவர் அனுப்பிய பேரிங் அது, அவருக்கே சந்தேகம்.

கடைசியில் ஒரு நிபந்தனையை எடுத்து நீட்டினார். உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பொருத்தியதற்கான பில் வேண்டுமாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் "வீட்டிலேயே செய்பவர்களுக்கான முழு கிட்" என்று போட்டு விற்றவர் சொல்கிறார் இதை. வீட்டில் செய்கிறவனுக்குக் கிட், பட்டறையில் செய்கிறவனுக்கு உத்தரவாதம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

சந்தைக்காரர்களிடம் போனேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து, கெடு முடிந்துவிட்டது என்றார்கள். ஊசிப் பொட்டலம் பிறகுதானே வந்தது என்றேன். அது தனி ஆர்டர் இல்லை, அதனால் கணக்கில் வராது என்றார்கள். போலிப் பொருள் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார் என்றேன். அது ஆய்வகச் சான்றிதழ் இல்லையாம். மேலதிகாரி பேசுவார் என்றார்கள். பேசியவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். "விற்பனையாளர் பதில் அளித்துவிட்டதால் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. தீர்க்கப்பட்டதாம். இரண்டு மாதச் சம்பளம் யார் பையில் இருக்கிறது?

கெடு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்ப்பவன் கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் செய்வான். அவன் கியர்பாக்ஸ் முதல் தடவை சுழல்வதற்குள்ளேயே கெடு முடிந்துவிடும். பேரிங் போலியா என்று ஓடினால்தான் தெரியும், ஓட்டுவதற்குள் புகார் சொல்லும் உரிமை போய்விடும்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு. கிட்டில் ஒவ்வொரு பேரிங்கின் தயாரிப்பாளர் பெயரையும் எண்ணையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். வந்த அன்றே பிரித்து, வீடியோ எடுத்தபடி, எல்லாவற்றையும் எண்ணி அளந்துவிடுங்கள், சேர்க்கும் நாள் வரட்டும் என்று பெட்டியோடு வைக்காதீர்கள். பேரிங்குகளைக் கிட்டில் வாங்காமல், பழையதில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் தனியாக வாங்குவது இன்னும் நல்லது. பெட்டியில் இருக்கும் குறியீட்டைச் சரிபார்க்கப் பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் செயலி வைத்திருக்கிறார்கள், உலக பேரிங் சங்கத்துக்கும் ஒன்று இருக்கிறது. குறியீடே இல்லாத பெட்டி என்றால் உறையைப் பிரிக்காமல் படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். உத்தரவாதத்தில் "யார் பொருத்த வேண்டும்" என்ற வரியைத் தேடுங்கள். பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன் அந்தச் சந்தையில் மறுபடி தேடினேன். அதே கிட், அதே படம், வேறு கடைப் பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. படத்தின் மூலையில் பழைய கடையின் முத்திரையைக்கூட அழிக்கவில்லை. "பொருத்தம் பார்க்கத் தகட்டின் படம் அனுப்பவும்" என்று கீழே எழுதியிருக்கிறது. அனுப்பிவிடாதீர்கள்.