பிரைம்95: வன்பொருளை நம்பாத மென்பொருள்

2^136279841 − 1 ஒரு பகா எண். எழுதினால் 4,10,24,320 இலக்கம்; இருமத்தில் வெறும் ஒன்றுகளாக 17 எம்பி. 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் இதைக் கண்டுபிடித்தது மெர்சென் பகா எண்களை (2^p − 1 வடிவில் உள்ளவை) தேடும் ஜிம்ப்ஸ் என்ற இணையக் கூட்டு முயற்சி வழியாக. 1996இல் அதைத் தொடங்கிய ஜார்ஜ் வோல்ட்மன் அந்தத் தேடலுக்காக எழுதிய மென்பொருள் பிரைம்95, இலவசம். வீட்டுக் கணினியில் ஓட்டலாமா?

இந்த வடிவ எண் பகா எண்ணா என்று சொல்லும் லூகாஸ்–லெமர் சோதனை எளிதுதான். 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட (2இன் மேலுள்ள p) இரண்டு குறைவான தடவையில் பூஜ்யம் வந்தால் பகா எண். 2^7 − 1, அதாவது 127க்குத் தாளிலேயே போடலாம்: 4, 14, 67, 42, 111, 0. டுரான்டின் எண்ணுக்கு இதையே 13.6 கோடி முறை செய்ய வேண்டும். நடுவில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பிறகான வேலை மொத்தமும் குப்பை, அதுவும் சத்தமில்லாமல்.

பிரைம்95இன் பெருமை இங்கேதான். முதல் சுற்றுக்கு லூகாஸ்–லெமரை விட்டு, பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் ஃபெர்மா வகைச் சோதனையை ஓட்டுகிறது. கூடவே, நடுவில் கணக்கு தவறியதா என்று பார்க்கும் கெர்பிச் சரிபார்ப்பு. தவறு தெரிந்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். முடிவில் ஒரு சான்றுக் கோப்பு உருவாகும். அதைக் கொண்டு இன்னொரு கணினி மிகக் குறைந்த உழைப்பில் முடிவை உறுதிசெய்யும். இதற்கு வட்டில் இடம் வேண்டும்: இந்த அளவு எண்ணுக்கு 256 இடை மீதிகள், தலா 17 எம்பி, கிட்டத்தட்ட 4.4 ஜிபி. அனுப்பும் கோப்பு 150 எம்பிக்குச் சற்று மேல். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் கவனிக்க.

பகா எண்ணே வேண்டாம் என்பவர்களுக்கும் கணினியை முழுப் பளுவில் ஓட்டிச் சோதிக்கும் இதன் 'டார்ச்சர் டெஸ்ட்' உதவும். எஃப்எஃப்டி என்பது பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறை. 'ஸ்மால் எஃப்எஃப்டி' சிபியுவையும் கூலரையும் பிழியும். 'லார்ஜ்' ரேமையும் மெமரி கன்ட்ரோலரையும். பெருக்கல் ஃப்ளோட்டிங் பாயின்ட்டில், அதாவது பின்னப் பகுதியும் உள்ள தோராய எண்களில் நடப்பதால் விடை முழு எண்ணுக்கு ஒட்டியே வர வேண்டும். 'ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழ்' என்று வந்து நின்றால் மென்பொருளைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு), ஓவர்கிளாக் (சிபியுவைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது), அல்லது அளவு மீறிக் குறைத்த வோல்டேஜ்தான் காரணம். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறதே என்பது சமாதானம் ஆகாது.

குறை? ஜிபியுவை (கிராபிக்ஸ் சிப்) இது தொடவே தொடாது. டுரான்டின் எண் முதலில் அகப்பட்டது டப்ளினில் இருந்த என்விடியா ஏ100 ஜிபியுவில். அதற்கு வேறு மென்பொருள் வேண்டும். புதிய மெர்சென் பகா எண்ணுக்கு ஜிம்ப்ஸ் தரும் பரிசு 3,000 டாலர். அதை நம்பி மடிக்கணினியை இரவும் பகலும் ஓடவிட்டால் கரண்ட் பில்தான் மிஞ்சும்.

புதிதாக அசெம்பிள் செய்த கணினி என்றால் முதலில் டார்ச்சர் டெஸ்ட். அது தேறினால் ஏற்கெனவே சோதித்த சிறிய அடுக்குகளை மறுசரிபார்க்கும் வேலையை எடுங்கள். எல்லா கோரையும் ஒரே வொர்க்கருக்கு (ஒரு எண்ணைச் சோதிக்கும் தனி வேலை) கொடுத்து ஒருமுறை, பிரித்துக் கொடுத்து ஒருமுறை பெஞ்ச்மார்க் பாருங்கள். எது வேகம் என்பது கேஷ் (சிபியுவுக்குள் உள்ள வேக நினைவகம்) அளவைப் பொறுத்தது.