ஏற்காட்டில் பூ எண்ணெய் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்: 7,400 ரூபாய் போய்விட்டது

7,400 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் சுற்றுலா வருகிறவர்களை நம்பி நடக்கும் ஒரு மூலிகை எண்ணெய்க் கடையில் கொடுத்தேன். பெயரைப் போட வேண்டாம், வீண் வம்பு என்று வீட்டுக்காரர் தடுக்கிறார், அதனால் போடவில்லை. காப்பித்தூள், மிளகு, தேன், யூகலிப்டஸ் தைலம் எல்லாவற்றையும் வாசலில் அடுக்கிவைத்து, கார் நின்றதும் ஓடிவந்து புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்துவிடுவார்களே, அந்த வகைக் கடை.

எங்கள் வீட்டில் வருடா வருடம் பூ எண்ணெய் காய்ச்சுவோம். அத்தை தொடங்கிவைத்த பழக்கம். செம்பருத்தி, ஆவாரம்பூ, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, ஒரு கை வெந்தயம். பூவை நிழலில் நன்றாக வாடவிட்டுத்தான் எண்ணெயில் போட வேண்டும், ஈரம் இருந்தால் சில வாரங்களில் சிக்கு வாடை வந்துவிடும். கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிற நாத்தனார்கள் காலிப் பாட்டில்களை எங்கள் பரணிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள், அவ்வளவு நம்பிக்கை. எண்ணெய்க்கு எப்போதும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மரச்செக்குதான். இந்த முறை செக்கு பழுது என்று கைவிரித்துவிட்டார்கள். அதே வாரம் தங்கை குடும்பம் ஊருக்கு வந்திருந்தது. குழந்தைகள் ஏரியில் படகு விட ஆசைப்பட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனோம்.

அந்தக் கடை வாசலில் ஒரு பித்தளை உருளி. அடியில் விறகுத் தீ, உள்ளே எண்ணெயில் செம்பருத்திப் பூக்கள் மிதக்கின்றன. எண்ணெய் அரக்குச் சிவப்பாகத் தகதகவென்று இருந்தது. கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நான் உருளியைப் பார்த்த விதத்திலேயே புரிந்துகொண்டார். "வீட்டில் காய்ச்சுகிறவரா அக்கா? அப்படியென்றால் உங்களிடம் பொய் சொல்லவே முடியாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 7,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து, நான் கேட்காமலேயே பதம் பார்த்துக் காட்டினார். ஒரு பஞ்சுத் திரியை உருளியில் தொட்டு எடுத்து, தீக்குச்சி உரசி ஏற்றினார். படபடப்பு இல்லாமல் சீராக எரிந்தது. தைலத்தில் நீர் வற்றிவிட்டதா என்று அத்தை பார்க்கிற அதே முறை. ஈரம் மிச்சம் இருந்தால் திரி சடசடக்கும். யூடியூப் பார்த்து வந்தவருக்கு இது தெரியாது, பரம்பரையாகச் செய்கிறவர்தான் என்று தங்கையிடம் நானே சொன்னேன். திரி சடசடக்கவில்லை என்றால் எண்ணெயில் தண்ணீர் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அது எந்த எண்ணெய் என்பதைத் திரி சொல்லாது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மினரல் ஆயிலும் அதே மாதிரி அழகாகத்தான் எரியும்.

பத்து லிட்டர் 'செக்குத் தேங்காய் எண்ணெய்' டின் ஒன்று, 4,600. 'மலைப் பூத்தைலம்' நான்கு பாட்டில், 1,800. உலர்ந்த பூப் பொட்டலங்கள், 1,000. மொத்தம் 7,400. பணம் கைப்பேசியிலிருந்து அந்த நொடியே போய்விட்டது. பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி, கீழே 'நன்றி' என்று போட்டுக் கொடுத்தார். ஏலக்காய் ஒரு பொட்டலம் இனாம் வேறு.

வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தேன். சூடேறச் சூடேறத் தேங்காய் வாசம் எழும்பவே இல்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் வருமே, அப்படி ஒரு வாடை. அத்தை பூஜை அறையிலிருந்து எழுந்து வந்து, "என்னத்தைக் காய்ச்சுகிறாய்?" என்று கேட்டார். ஒரு டம்ளரில் டின் எண்ணெயை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும், மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. காலையில் பார்த்தால் டம்ளரின் அடியில் விரல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு படிவு. அதற்கு மேலே முழுக்கத் தெளிந்த திரவம், ஆட்டினால் தளும்புகிறது. அந்த அடிப்படிவு மட்டும்தான் தேங்காய்.

பூத்தைலத்தின் கதை அதைவிடக் கேவலம். செம்பருத்தியின் சிவப்பு எண்ணெயில் இறங்காது. தண்ணீரில்தான் இறங்கும், அதனால்தான் செம்பருத்தித் தேநீர் அப்படிச் சிவக்கிறது. எங்கள் வீட்டு எண்ணெய் ஒருநாளும் சிவப்பாக வந்ததில்லை, பச்சையும் பழுப்புமாகத்தான் வரும். துலுக்கச் சாமந்தியின் மஞ்சள் எண்ணெயில் கரையும், அது வேறு நிறமி. சிவப்பு வேண்டும் என்றால் வேம்பாளம்பட்டை போடுவார்கள். சரி, அதைத்தான் போட்டிருப்பார் என்று தங்கை மகள் தலையில் தேய்த்துவிட்டோம். வெள்ளைத் துண்டெல்லாம் சிவப்பு. வேம்பாளம்பட்டைக் கறை என்றால் துணி சோப்பு பட்டதும் ஊதாவாக மாறும். இது துவைத்த பிறகும் அதே சிவப்பு. பாட்டிலுக்குள் இருந்தது சாயப்பொடி. உலர்ந்த பூப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி காம்பு, மீதியில் பூஞ்சை.

போன் செய்தேன். "தீயைக் கூட்டி வைத்திருப்பீர்கள் அக்கா" என்றார். ஃபிரிட்ஜ் டம்ளரைப் பற்றிச் சொன்னதும், அது மலை எண்ணெய், சீக்கிரம் உறையாது என்றார். ஏற்காட்டில் தென்னந்தோப்பு எங்கே இருக்கிறது தம்பி என்று கேட்டேன். லைன் போய்விட்டது. அடுத்த நாள் ஒரு பெண் எடுத்து, அண்ணன் காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றாள். வாட்ஸ்அப்பில் டம்ளர் படம், துண்டுப் படம் எல்லாம் அனுப்பினேன். பதிலுக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்.

விடுவேனா? டின்னைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மேலே போனேன். கடையில் வேறொரு பையன் இருந்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையை விரலால் காட்டினான், வாயைக்கூடத் திறக்கவில்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஓசூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அதே உருளியில் அதே திரியைத் தொட்டு ஏற்றிக் காட்டுகிறான். அந்த அம்மாவிடம் போய், வாங்காதீர்கள் என்று சொன்னேன். என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பணம் செலுத்திய பதிவும் அந்தத் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன.

வீட்டில் பூ எண்ணெய் காய்ச்சும் முறையை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில: டின்னில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை என்றால் தொடாதீர்கள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் பாட்டிலில் தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுப்பு எண் மூன்றும் இருக்க வேண்டும், என் நான்கு பாட்டிலிலும் ஒரு மலைப் படம்தான் இருந்தது. சிவப்பாக இருக்கிற செம்பருத்தி எண்ணெய் என்றால், சிவப்பு எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெயை மொத்தமாக வாங்கும் முன் கால் லிட்டர் வாங்கி ஒரு இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள், முழுக்க உறைய வேண்டும். ஏமாந்திருந்தால் ஆத்திரத்தில் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள், பரிசோதனைக்கு மாதிரி வேண்டும்.

என் டின்னில் இன்னும் எட்டு லிட்டருக்கு மேல் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஆட்டோ வந்துவிட்டது.