வானத்துக் கணக்கும் மரத்தடிக் கணக்கும்

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் என் மாமாவின் கொய்யாத் தோட்டத்துக்குப் பழ ஈதான் முதல் எதிரி. தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்றுவிட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. இந்தச் சுற்றின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. ஈ எப்போது பெருகும் என்று கணிக்க அந்த வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது? செயற்கைக்கோளிலிருந்தா, பாயான் லெப்பாஸ் விமான நிலையப் பதிவிலிருந்தா, மரத்தில் தொங்கவிடும் சிறு பதிவுக் கருவியிலிருந்தா?

1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய இரு செயற்கைக்கோள்களிலும் உள்ள மோடிஸ் கருவி நிலத்தின் மேற்பரப்பு வெப்பத்தை இரவும் பகலும் இலவசமாகத் தந்திருக்கிறது. இருபது ஆண்டுக்கும் மேலான வரலாறு! ஆனால் அதன் படத்தில் ஒரு கட்டம் 1 கிலோமீட்டர் அகலம். எங்கள் ஊரில் பள்ளத்தாக்கும் மேட்டுச் சரிவும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குறையும். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் அதைவிட நுணுக்கமாக, 100 மீட்டர் அளவில் பார்க்கிறது. அது திரும்பி வர 16 நாள். லேண்ட்சாட் 9ஐயும் சேர்த்தால் 8 நாள். அன்றைக்கு மேகம் மூடினால் அதுவும் போயிற்று. மழை மாதங்களில் இதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். தெளிந்த வானத்தில் தெரிவதும் மர உச்சியின் வெப்பமே. கூட்டுப்புழு கிடப்பதோ நிழல் மண்ணில்.

விமான நிலையப் பதிவு இடைவெளியின்றிக் கிடைக்கிறது. ஆனால் அது கடலோரச் சமவெளியின் கணக்கு, நடுவே குன்றுகள் நிற்கின்றன. மரத்தடிக் கருவி மாமாவின் தோட்டத்தை மட்டுமே அறியும், அதை நன்றாக அறியும்.

இருந்தும், இந்தப் பிழைகள் இங்கே எவ்வளவு பாதிக்கும்? ஈயின் வளர்ச்சி நிற்கும் வெப்பம் 12 பாகை என்று வைத்துக்கொள்வோம். பினாங்கின் சராசரி 27 என்றால் நாளுக்கு 15 வெப்ப அலகு, அதாவது அந்த எல்லைக்கு மேல் உள்ள பாகைகள். ஒரு பாகை தவறினால் பதினைந்தில் ஒரு பங்குதான் பிசகும். குளிர்நாட்டு ஆப்பிள் தோட்டத்தில், வசந்தத்தில் சராசரி 13 பாகை இருக்கும்போது, 10 பாகையில் வளர்ச்சி தொடங்கும் அந்துப்பூச்சிக்கு அதே பிழை மூன்றில் ஒரு பங்கு! அங்கே வெப்பமே நாள் குறிக்கிறது. இங்கே குளிர்காலமே இல்லை. முட்டையும் புழுவும் ஈயும் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. கூட்டம் பெருகுவது பழம் பழுக்கும்போதுதான்.

ஆகவே என் முதல் தேர்வு மீத்தைல் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் வைத்த பொறி. அது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். ஆனாலும் வாரந்தோறும் எண்ணினால் ஏறுமுகம் தெரிந்துவிடும். அடுத்த இடம் மரத்தடிக் கருவிக்கு. தீவின் மேட்டுத் தோட்டத்தையும் தாழ்நிலத் தோட்டத்தையும் ஒப்பிட வேண்டுமானால் மோடிஸின் இரவுப் பதிவை எடுப்பேன். பகல் பதிவைவிட அதுவே காற்றின் வெப்பத்தை நெருங்கி நிற்கிறது. மாமாவிடம் சொன்னதோ இவ்வளவுதான்: பொறியில் எண்ணிக்கை ஏறும்வரை காத்திராமல், காய் சிறிதாக இருக்கும்போதே காகித உறை போட்டுவிடுங்கள்.