பங்குனியிலும் சித்திரையிலும் எந்த மலை? திருகோணமலையிலிருந்து செல்வோருக்கு ஓர் ஒப்பீடு

வாடைக்காற்று ஓய்ந்து மாசி கழிந்ததும் திருகோணமலைக் கடல் குளம்போலக் கிடக்கும். கரையில் நின்று அந்த அமைதியைப் பார்ப்பவர்கள், மலைநாட்டிலும் வானம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிச் சித்திரை விடுமுறைக்கு மலையேறத் திட்டமிடுகிறார்கள். ஆனால் மார்ச், ஏப்ரல் ஆகிய இரு மாதங்களும் நம் நாட்டில் முதலாவது இடைப் பருவப்பெயர்ச்சிக் காலம். வடகீழ்க் காற்று விலகி, தென்மேற்குக் காற்று இன்னும் வந்து சேராத இந்த இடைவெளியில், காலை வெயில் நிலத்தைச் சூடாக்க, கடலின் ஈரக்காற்று உள்நாட்டை நோக்கி நகர்ந்து மலைச்சரிவுகளில் மேலெழும்பி, நண்பகலுக்குப் பின் கருமுகிலாகத் திரண்டு இடியுடன் கொட்டும். நம் கரையில் ஒரு துளிகூட விழாத நாளில் ஹற்றனில் அடைமழை பெய்வது இக்காலத்தில் வழமையானதே.

நடந்து ஏறக்கூடிய இடங்களில் சிவனொளிபாத மலை, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் தொடரிலுள்ள ரிவர்ஸ்டன் ஆகிய மூன்றையே நம்மவர்கள் பெரும்பாலும் பேசுவதால் இந்த ஒப்பீடு அவற்றோடு நிற்கிறது. நாட்டின் மிக உயர்ந்த மலையான 2524 மீற்றர் பிதுருதலாகலை பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. வாகனத்தில் போய் வரலாமே தவிர, அது நடைபயணிக்கு உரிய இடமன்று.

மழையின் அளவை மட்டும் பார்த்தால் சிவனொளிபாத மலைக்குத்தான் கடைசி இடம் கிடைக்க வேண்டும். இந்த இரு மாதங்களில் தீவின் பெரும்பகுதிக்கு 100 முதல் 250 மில்லிமீற்றர் வரை மழை கிடைக்கும்போது, மலைநாட்டின் தென்மேற்குச் சரிவுகளில் சில இடங்கள் 700 மில்லிமீற்றரையும் தாண்டுகின்றன. இந்த மலை நிற்பது அந்தத் தென்மேற்கு ஓரத்தில்தான். இருந்தும் ஏப்ரல் மாதத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. மார்கழிப் போயாவில் (முழுநிலா நாளில்) தொடங்கி வைகாசிப் போயா வரை நீளும் யாத்திரைக் காலத்தில் இங்கு பெரும்பாலோர் இரவில்தான் ஏறுகிறார்கள். பிற்பகல் வெயிலில் பிறக்கும் இடிமழை, நிலம் குளிரக் குளிர வலுவிழந்து, பெரும்பாலான நாட்களில் நள்ளிரவுக்கு முன்னரே அடங்கிவிடுகிறது. எனவே அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்படுபவருக்குப் படிகள் நனைந்திருந்தாலும் வானம் வெளித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வழி நெடுக விளக்குகளும் தேநீர்க் கடைகளும் இருப்பதால், மழை பிடித்துக்கொண்டாலும் ஒதுங்க இடமிருக்கும். மற்ற இரண்டு இடங்களிலும் இந்த வசதி கிடையாது.

சிவனொளிபாத மலையில் உண்மையான இடர் குளிர்தான். உயரம் 1000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். திருகோணமலையில் இரவு 26 பாகை செல்சியஸ் என்றால், 2243 மீற்றர் உயரமுள்ள உச்சியில் ஏறத்தாழ 11 பாகை இருக்கும். காற்றும் சேர்ந்தால் உடல் உணர்வது அதைவிடக் குறைவு. ஏறும்வரை இது தெரிவதில்லை. போயா இரவுகளிலும் வார இறுதிகளிலும் உச்சிக்குச் சற்றுக் கீழே வரிசை அசையாமல் நின்றுவிடும்போது, வியர்வையில் ஊறிய சட்டை முதுகோடு ஒட்டிக் குளிர ஆரம்பிக்கும். கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் விரல் விறைக்கும். பையில் உலர்ந்த சட்டை ஒன்றையும் காதை மூடும் தொப்பி ஒன்றையும் வைத்திருந்தால் அந்த ஒரு மணிநேரத்தைச் சமாளிக்கலாம். மூத்தவர்களை அழைத்துச் செல்பவர்கள் கூட்டம் குறைந்த கிழமைநாளைத் தெரிவு செய்வது உத்தமம்.

ஹோட்டன் சமவெளியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே பகலில் மட்டுமே நடக்கலாம். அந்தப் பகலிலும் காலைப் பகுதிதான் பயன்படும். சமவெளி ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உலக முடிவு என்னும் இடத்தில் நிலம் திடீரென 870 மீற்றர் அளவுக்குக் கீழிறங்குகிறது. வெயில் ஏறியதும் கீழிருந்து ஈரக்காற்று அந்தச் செங்குத்துச் சுவரோடு மேலெழுந்து குளிர்ந்து, ஒன்பது பத்து மணிக்குள் பால்போன்ற மூடுபனியாகி விளிம்பை மறைத்துவிடும். அதன் பிறகு போய்ச் சேர்பவர் வெள்ளைத் திரை ஒன்றைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆகவே முதல்நாள் இரவை நுவரெலியாவிலோ ஒஹியவிலோ கழித்து, காலை ஆறு மணிக்கே வாயிலில் நிற்க வேண்டும். திருகோணமலையிலிருந்து இரவோடிரவாக வான் ஓட்டிப் போய் இறங்கி நடப்பதும் சிலரது வழக்கம். தூக்கமின்றி ஒன்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்றுப்பாதையில் நடப்பதை நான் விரும்பமாட்டேன். விடியற்காலையில் புல்லில் தேங்கிய பனிநீர் சப்பாத்தை நனைத்துவிடும் என்பதால் மாற்றுக் காலுறை தேவை. பொலித்தீன் உறைகளை வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள். மழைக்கு உறையை நம்பாமல் நல்ல மழைச்சட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, இந்தக் குளிரில் வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. பற்றனை எனப்படும் மரநிழலற்ற மலைப் புல்வெளியில் இதமான காற்று வீசும்போதே கழுத்தும் மூக்கும் கருகிவிடும். ஏப்ரல் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டமும்கூட. அறை வாடகை ஏறி, வீதி நெரிந்து, அதிகாலைப் பயணமே தடுமாறும். ஹோட்டனுக்கு மார்ச் மாதத்தின் முதல் பாதியே பொருத்தம்.

ரிவர்ஸ்டன் நமக்கு மிக அருகில் இருப்பது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக மாத்தளை சென்று, றத்தோட்டையிலிருந்து ஏறினால் போதும். அதனாலேயே பலர் அதை ஒரே நாள் பயணமாக்குகிறார்கள். இந்தப் பருவத்தில் அது தவறான கணக்கு. விடியுமுன் புறப்பட்டாலும் நடை தொடங்கும்போது முற்பகல் கடந்துகொண்டிருக்கும். முகில் திரளவும் அதே வேளைதான். தொடர்பாடல் கோபுரம் நிற்கும் திறந்த முகட்டில் இடி தொடங்கினால் ஒதுங்க இடமே இல்லை. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவாக இருந்தால் இடி பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்குள் இருக்கிறது. முகட்டைவிட்டு உடனே இறங்கி, கடைசி முழக்கம் கேட்டு அரை மணிநேரம் ஆகும்வரை திரும்ப ஏறாதிருப்பதே முறை. மாத்தளையில் தங்கிக் காலையிலேயே ஏறுபவர்களுக்கு மார்ச் மாதத்தில் இது நல்ல தெரிவாக இருக்கும். ஈரக்காட்டுப் பாதைகளில் அட்டைக்கடி உண்டு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வைகாசி பிறந்து இங்கே கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று சுடச்சுட வீசத் தொடங்கினால், அதே காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது என்று பொருள். வைகாசிப் போயாவோடு சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலமும் முடிந்து விளக்குகளும் அணைந்துவிடும். ரிவர்ஸ்டனைக் கடந்த லக்கலைப் பக்கத்தில் மழை குறைவாக இருந்தாலும், முகட்டில் ஆளைத் தள்ளும் காற்று அடிக்கும்; சிறுபிள்ளைகளோடு அந்த மாதங்களில் அங்கே ஏறுவதைத் தவிர்க்க வேண்டும்.