மேற்கோள் குறிக்குள் போட்டால் போதுமா? ஸ்கோபஸ், எப்ஸ்கோ, பப்மெட்

ஒரு தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அது அப்படியே தேடப்படும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆஃப், இன், தி மாதிரி சின்னச் சொற்கள் நடுவில் வந்தால் கதையே வேறு. இவற்றை ஸ்டாப் வேர்ட் என்று ஒதுக்கிவிடுவதில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் ஸ்கோபஸ், எப்ஸ்கோ, பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளுக்கானது) என்ற மூன்று தளங்களைப் பற்றி எழுதுகிறேன்.

என் ஓட்டு ஸ்கோபஸுக்கு. அங்கே மேற்கோள் குறி என்றால் தளர்வான தேடல்தான், சின்னச் சொற்களையும் நிறுத்தக்குறிகளையும் கண்டுகொள்ளாது, பன்மையையும் சேர்த்தே கொண்டுவரும். ஆனால் அதே தொடரை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டுப் பாருங்கள், ஆஃப் உட்பட ஓர் எழுத்து மாறாமல் தேடும். எவ்வளவு கறார் என்றால், ஹார்ட் அட்டாக் என்பதை நடுவில் சிறு கோடு போட்டுத் தேடினால் ஒரு விடை, கோடு இல்லாமல் தேடினால் வேறு விடை. பன்மையும் தானாக வராது, நாமேதான் ஆர் (OR, அதாவது 'அல்லது') போட்டுச் சேர்க்க வேண்டும். அது பரவாயில்லை, எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை நம் கையில் இருக்கிறதே. நிறுவனச் சந்தா இல்லாதவர்களுக்கு இது எட்டாது என்பதுதான் பெரிய குறை.

எப்ஸ்கோவில் ஸ்டாப் வேர்ட் இருக்கும் இடத்தில் எந்தச் சொல் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். கம்பெனி ஆஃப் அமெரிக்கா என்று தேடினால் கம்பெனி இன் அமெரிக்காவும் வரும். பொதுவாகத் தேடுபவர்களுக்குச் சரி, சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் விடாமல் தேடித் தொகுக்கும் வேலை, செய்பவர்களுக்குத் தலைவலி.

பப்மெட் இலவசம், அதனால் அதைத்தான் அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள், கவனிக்க வேண்டியதும் அங்கேதான் அதிகம். அதன் உதவிப் பக்கத்தில் உள்ள ஸ்டாப் வேர்ட் பட்டியலை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். வித், வித்தவுட் இரண்டுமே அதில் இருக்கின்றன! அறுவை சிகிச்சையோடு, அறுவை சிகிச்சை இல்லாமல் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய ஆய்வில் இது எவ்வளவு பெரிய விஷயம்! மேற்கோள் குறி போட்டாலும் அந்தத் தொடர் பப்மெட்டின் சொற்றொடர் அட்டவணையில் (அது அடையாளம் காணும் தொடர்களின் பட்டியல்) இருந்தாக வேண்டும், இல்லையென்றால் குறியை விட்டுவிட்டுச் சொற்களைத் தனித்தனியாகத் தேடிவிடும். நல்லவேளையாக, அட்டவணையில் இல்லை என்று ஓர் அறிவிப்பு காட்டுகிறது. முடிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குப் பக்கத்தில் டீடெயில்ஸ் என்று இருக்கும், அதைத் திறந்தால் நாம் தட்டியது எப்படி மாற்றப்பட்டது என்று முழுசாகத் தெரியும். ஆய்வுக் கட்டுரையோடு தேடல் விவரம் கொடுப்பவர்கள் இதையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அட்டவணையில் இல்லாத தொடருக்கு 2022 நவம்பரில் பப்மெட்டில் வந்த அண்மைத் தேடல் (சொற்களுக்கு நடுவே எத்தனை சொற்கள் வரலாம் என்று நாம் சொல்லித் தேடுவது) கைகொடுக்கிறது. தலைப்பு, சுருக்கம் போன்ற சில புலங்களில் மட்டும் வேலை செய்யும். இடைவெளியைச் சுழியமாக வைத்தால் சொற்கள் ஒட்டி வரும் கட்டுரைகள் கிடைக்கும். ஆனால் சொற்கள் முன்பின் மாறி வந்தாலும் எடுத்துக்கொள்ளும், வரிசையைக் கட்டாயப்படுத்த வழியில்லை. அதையும் கொடுத்துவிட்டால் ஸ்கோபஸ் சந்தா இல்லாத கல்லூரிகளில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.